புள்ளிக்குப் பின்னால் ஏழு

ஜெமிக்குத் தன் கணக்கின் மேல் கர்வம் உண்டு. இருக்கக்கூடாதா என்ன? வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இரும்பு ஐம்பத்தாறு, கந்தகம் முப்பத்திரண்டு, ஆக்ஸிஜன் அறுபத்து நாலு என்று மனசுக்குள்ளேயே கூட்டி, கால்குலேட்டரைத் தொடாமல் எதை எத்தனை கிலோ போடுவது என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. "ஜெமி சீட்டு குடுத்துட்டா அப்பீலே இல்ல" என்பார் மேஸ்திரி நாகேந்திரன்.

அங்கேதான் வந்தது வினை. தோலில் முடி உதிர்க்க சோடியம் சல்பைடு போடுவார்கள். கழிவுத் தண்ணீரில் மிஞ்சும் சல்பைடின் மேல் ஆசிட் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். அதனால் முதலில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றி, சல்பைடைக் கறுப்புச் சேறாகப் படிய வைக்க வேண்டும். ஈய உப்புத் தடவிய தாளை நனைத்துப் பார்த்து, தாள் கறுக்கவில்லை என்றால்தான், தண்ணீரின் காரத்தைப் போக்க ஆசிட். ஆனால் ஜெமி சீட்டு இருக்கும்போது தாள் எதற்கு? இரண்டு மாதமாகத் தாளை யாரும் தொடுவதில்லை. அவளும் கேட்பதில்லை.

அன்று வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வருகிறார்கள் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். தொட்டியில் முப்பத்தொன்பது கிலோ சல்பைடு. அதன் மோலார் நிறை எழுபத்தெட்டு. வகுத்தால் ஐந்நூறு மோல். அன்னபேதி மோலுக்கு நூற்றெழுபது கிராம். ஆக எண்பத்தைந்து கிலோ. எழுதிக் கொடுத்துவிட்டு, வடிதாள் எடுக்க ஸ்டோருக்குப் போனாள்.

காலடியில் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தாள். கல்கண்டு மாதிரிக் கட்டிகள், பச்சை நிறத்தில். வழக்கமாக வரும் அன்னபேதி வெளுத்த சாம்பல் பொடி ஆயிற்றே? பக்கத்து மூட்டையைப் புரட்டினாள். FeSO₄, ஒரு புள்ளி, அதன் பின்னால் 7H₂O.

ஏழா! இதுவரை வந்த சரக்கில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறுதான். நூற்று ஐம்பத்திரண்டோடு பதினெட்டைக் கூட்டி நூற்றெழுபது என்று அவள் மனப்பாடமாக வைத்திருந்தது அந்தக் கணக்கை. இதில் ஏழு. ஏழு பதினெட்டு நூற்று இருபத்தாறு. இருநூற்று எழுபத்தெட்டு! ஐந்நூறு மோலுக்கு நூற்று முப்பத்தொன்பது கிலோ வேண்டும். ஐம்பத்து நாலு கிலோ குறைகிறது. நூற்றுக்குக் கிட்டத்தட்ட நாற்பது பங்கு சல்பைடு அப்படியே கிடக்கிறது.

தொட்டிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஷாஹித் பாய் பம்பு கழற்ற இறங்கியிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தைத் தேடித்தான் போகும்.

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

"அண்ணே, ஆசிட்டை மூடுங்க!"

வால்வில் கை வைத்திருந்த நாகேந்திரன் திரும்பினார். "இன்னாம்மா? இப்பத்தான் தொறந்தேன். மணி பத்தே முக்கால்."

"என் கணக்கு தப்புண்ணே! மூடுங்க!"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. வால்வு மூடும் சத்தம் கேட்டது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது. பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் கத்தினாள்.

"பாய்! நாத்தம் அடிக்குதா?"

"அடிச்சுதும்மா," கீழேயிருந்து குரல் குழறியது. "இப்ப ஒன்னும் தெரில."

ஐயோ கடவுளே! நாற்றம் போனால் வாயு போனது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துக்கொண்டிருக்கிறது. இறங்கப் போன நாகேந்திரனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எறங்காதீங்க, நீங்களும் விழுந்துடுவீங்க. கயிறு, கயிறை இழுங்க!"

ஷாஹித்தின் இடுப்பில் கட்டிய கயிறு மேலே கம்பியில் இருந்தது. இருவரும் இழுத்தார்கள். கை தோலுரிந்தது. பாதியில் கனம் கூடியது. அவன் படியை விட்டுவிட்டான். மூச்சைப் பிடித்து இன்னும் இழுத்தார்கள். தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. நாகேந்திரன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, காற்று வரும் பக்கமாக இழுத்துப் போனார். ஒரு நிமிஷம் அவனிடம் அசைவே இல்லை. பிறகு ஷாஹித் இருமி இருமி வாந்தியெடுத்தான். ஜெமி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லியாயிற்று. அது வருவதற்குள் ஷாஹித் சுவரில் சாய்ந்து லேசாகச் சிரித்தான்.

"திங்கக்கிழமை தல சுத்தி வாந்தி எடுத்தப்ப, கல்யாண வீட்டு பிரியாணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு எல்லாரும் கிண்டல் பண்ணீங்க. இன்னிக்கு வெறும் இட்லிதான் துன்னேன். இதுக்கு இன்னா சொல்வீங்க?"

ஜெமி நாளை எண்ணிப் பார்த்தாள். புதுச் சரக்கு வந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமையும் அதே மூட்டை, அதே நூற்றெழுபது. அன்று அவன் மேலே நின்றதால் பிழைத்தான். அதிகம் கிண்டல் செய்தவளே அவள்தான். அந்தச் சீட்டை இனி யாரும் தேடப் போவதில்லை. வாயைத் திறக்காவிட்டால் போதும்.

"பாய்," என்றாள். "அன்னிக்கும் பிரியாணி இல்ல. அன்னிக்கும் என் கணக்குதான் தப்பு."

ஷாஹித்தின் சிரிப்பு நின்றது. நாகேந்திரன் தலை குனிந்தார்.

"மூணு நாளா ஊட்ல எம் பொண்டாட்டி ஜஹீருன்னிசா என்னைத் திட்டிக்கினு கீறா," என்றான் ஷாஹித். "ஓசி சோறுன்னா அளவு தெரியாதான்னு, புள்ளைங்க முன்னால. அவகிட்ட நீயே வந்து சொல்லும்மா."

"வர்றேன் பாய்," என்றாள் ஜெமி. "இன்னிக்கே வர்றேன்."