ச்வியாவுக்கு இங்கிலீஷ் என்ன?

அந்தச் சாக்கடையைச் சொல்லாமல் இந்த வழக்கைச் சொல்ல முடியாது. மீன் சந்தையின் கிழக்கு ஓரமாக ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, நிற்கிறது. மீன் குடல், செதில், தண்ணீர் பாக்கெட்டுகள், யாரோ விடியற்காலையில் கொண்டுவந்து கொட்டிய மலச்சட்டி, வயிறு வீங்கிய எலி, எல்லாவற்றுக்கும் மேலே பச்சையாக ஓர் ஏடு. அந்த ஏட்டில் குமிழி கிளம்பி உடையும். ஒரு குமிழி உடைந்தால் போதும், இலையில் கட்டிய கென்கி சோள உருண்டையைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்து போவான்.

அதை ஒட்டித்தான் அராபா எசுமனின் கடை. புகை போட்ட மீன் விற்கிறாள். ஒரு வியாழக்கிழமை நகராட்சி சுகாதார மேற்பார்வையாளர் ஃபிஃபி பைடூ அங்கே வந்து நின்றார். சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு நீங்கதான் காரணம். மனுஷங்களா நீங்க?" என்றார். சாக்கடையை அள்ளி மூன்று மாதமாகிறது. அள்ள வேண்டியது அவருடைய ஆட்கள்.

முக்காலியில் உட்கார்ந்திருந்த அராபா தாடையை ஒரு பக்கமாகத் தூக்கி, "ச்வியா!" என்றாள்.

முகம் சுளிக்கும்போது எங்கள் ஊரில் வாயில் வரும் ஒற்றைச் சொல், அவ்வளவுதான் அவள் சொன்னது. மறு வாரம் அவள்மேல் வழக்கு வந்தது. கடமையிலிருந்த அதிகாரியை அவமதித்தாளாம். தண்டனை கிடைத்தால் சந்தை விதிப்படி கடை பறிபோகும். பறித்த கடை யாருக்குப் போகும் என்பதும் ஊருக்கே தெரியும். பைடூவின் மனைவி ஐஸில் உறைய வைத்த கோழி வியாபாரம் தொடங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். அராபாவின் கடைக்கு அளவுநாடாவோடு இரண்டு தடவை வந்து போய்விட்டாள்.

நான் எக்கோ அர்க்கோஃபுல். மாவட்ட கோர்ட்டில் பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்ப்பாளன். கோர்ட் பதிவு முழுக்க இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். சாட்சி இருமினால்கூட அந்த இருமலுக்கு நான் இங்கிலீஷ் சொல்ல வேண்டும்.

விசாரணை அன்று காலை கோர்ட் வாசலில், வாதுமை மரத்தடியில் பைடூ என்னை மடக்கினார்.

"யோவ் எக்கோ, ச்வியாவுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லப் போறே?"

"'அக்'னு சொல்லலாம்னு இருக்கேன் சார்."

"என்னது, 'அக்'? வெள்ளைக்காரி கரப்பானைப் பார்த்தா சொல்றதுய்யா அது! இவ சொன்னது என்னைப் பார்த்து. 'முகத்துல துப்பினா'ன்னு போடு."

"அவ துப்பலையே சார்."

"வாயிலேர்ந்து காத்து வந்துச்சா இல்லையா? காத்தோட எச்சிலும் வரும். உன் மச்சான் நகராட்சி வேலைக்கு மனு போட்டிருக்கான்ல? நான் சொன்னதைச் சொல்லு, மனு பத்திரமா இருக்கும்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். அந்தக் கை பட்ட இடத்தைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஆனால், "பார்க்கலாம் சார்" என்றுதான் என் வாயில் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பார்த்தே குமட்டுகிறது.

நடுவர் திருமதி லாம்ப்டே எல்லாச் சாட்சியத்தையும் தன் கையாலேயே எழுதுவார். பேனா நின்றபிறகுதான் சாட்சி அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கொலை வழக்கானாலும் கோபம் பேனாவுக்காகக் காத்திருக்கும்.

"இந்த ஐயா வந்தாரு" என்றாள் அராபா. பேனா ஓடியது. நின்றது. "நாத்தத்துக்கு நீங்கதான் காரணம்னாரு." பேனா. "நான் ச்வியான்னேன்."

பேனா நிமிர்ந்தது. நடுவருக்கு எங்கள் ஃபாண்டே மொழி நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி.

"இங்கிலீஷில்?"

பைடூ என்னைப் பார்த்தார். அராபாவும் பார்த்தாள்.

"'அக்', அம்மா" என்றேன்.

"பொய்!" பைடூ எழுந்துவிட்டார். "அவ என் முகத்துல துப்பினா! இந்த ஆளு மறைக்கிறான்!"

"உட்காருங்க. அவங்களை மறுபடி சொல்லச் சொல்லுங்க, எக்கோ. அன்னிக்குச் சொன்ன மாதிரியே."

நான் அராபாவிடம் திரும்பினேன். "தங்கச்சி, அதை இன்னொரு தடவை சொல்லு."

"நிஜமாவா அண்ணே? கோர்ட்டுக்குள்ளயா?"

"கோர்ட்டுதாம்மா கேக்குது."

அவள் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தாடையைத் தூக்கினாள். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "ச்வியா!" என்றாள். பின் பெஞ்சில் மீன்காரிகள் கைதட்டிவிட்டார்கள்.

"பாருங்கம்மா, மறுபடி திட்டறா!"

"துப்பல் எதுவும் விழலையே, மிஸ்டர் பைடூ" என்றார் நடுவர். பிறகு என்னிடம், "இது ஆளைச் சொல்றதா, பொருளைச் சொல்றதா?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ்ல தனித்தனியா இருக்கும்மா. அசிங்கத்தைப் பார்த்தா 'அக்'. ஒருத்தனை இளக்காரம் பண்ண 'பூ'. கால்ல அடிபட்டா 'அவுச்'. கை தவறினா 'ஊப்ஸ்'. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. எங்க ச்வியா அசிங்கத்துக்கும் போகும், ஆளுக்கும் போகும். சொல்றவங்க எதைப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் இங்கிலீஷ் சொல்ல முடியும்."

"என்னைத்தான் பார்த்தா" என்றார் பைடூ.

"ஐயா சாக்கடைக்கு முன்னாடி நின்னாரு" என்றாள் அராபா. "நான் எதைப் பார்த்தேன்னு எப்படிப் பிரிக்கிறது?"

கோர்ட்டே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இடத்தைப் பார்வையிடறேன்" என்று சொல்லி, எழுதி, ஃபைலை மூடினார்.

செவ்வாயன்று எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, கடல் ஓய்வெடுக்கும் நாள். சந்தையில் புது மீன் கிடையாது. வேலையில்லாத பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

சாக்கடை சுத்தமாக இருந்தது! அடி சிமெண்ட் தெரிந்தது. திங்கள் முழுக்க ஆள் வைத்து அள்ளிவிட்டிருந்தார் பைடூ. ஆனால் எங்கள் நகராட்சி அள்ளும் விதம் ஒன்று உண்டு. அள்ளியதைக் கரையிலேயே குவிப்பார்கள். காய்ந்தபின் லாரி வரும் என்பார்கள். லாரிக்கு முன்னால் மழை வரும். எல்லாம் திரும்ப உள்ளே போகும். நான் பிறந்ததிலிருந்து அதே சேறுதான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அராபாவின் கடை வாசலில் அது இடுப்பளவு கறுப்பாக நின்றது. மூன்று மாதத்து அடிச்சேறு. வெயில் பட்டு மேலே லேசாகத் தோல் கட்டியிருந்தது. அதற்குள் ஏதோ வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். நாற்றத்திலிருந்து எங்கே திருப்புவது?

நடுவரின் கார் வந்தது. கதவைத் திறந்துவிடும் அவசரத்தில் பைடூ ஓடினார். சுற்றிப் போக நேரமில்லாமல் குவியலின் ஓரத்தில் கால் வைத்தார். தோல் கிழிந்தது. கெண்டைக்கால்வரை உள்ளே போனது. இழுத்தபோது கால் வந்தது, ஷூ வரவில்லை. காலுறையிலிருந்து ஏதோ வழிந்தது.

"ச்வியா!"

சந்தை முழுக்கக் கேட்டது. கோர்ட்டில் அராபா சொன்னதைவிடப் பெரிய ச்வியா.

காருக்குள் உட்கார்ந்தபடியே நடுவர் கண்ணாடியை இறக்கினார். உடனே பாதி ஏற்றிக்கொண்டார்.

"இப்ப யாரை அவமதிச்சீங்க, மிஸ்டர் பைடூ?"

"யாரையும் இல்லம்மா... இந்தச் சேறு..."

"எதிர்ல நான் இருந்தேனே?"

"ஐயோ, உங்களை இல்லம்மா! சத்தியமா இந்தக் கருமத்தைத்தான்!"

"எக்கோ, இவர் சொன்னதுக்கு இங்கிலீஷ்?"

"'அக்', அம்மா."

"சரியா, மிஸ்டர் பைடூ?"

பைடூ ஒற்றைக் காலில் நின்றார். சுற்றிலும் நூறு மீன்காரிகள் நின்றார்கள். ஒருத்திகூட மூச்சு விடவில்லை. விடாததற்கு நாற்றமும் ஒரு காரணம்.

"சரிதாம்மா" என்றார்.

கார் கதவு திறக்கவேயில்லை. வழக்கு தள்ளுபடி, கடை அராபாவுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டு நடுவர் போய்விட்டார். பெண்கள் பாடவில்லை, ஆடவில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. அராபா மேகத்தைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள்.

"கடை கிடைச்சிருச்சு, அண்ணே. இதோட சேர்த்துக் கிடைச்சிருச்சு."

"லாரி வரும்னு..."

"ச்சே, நீங்களுமா?"

அவள் மீன் சுமக்கும் அலுமினியத் தட்டை எடுத்தாள். மண்வெட்டியை வாங்கி நிரப்பினாள். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துத் தூக்கினாள். ஓரத்தில் வழிந்தது கழுத்துக்கு வந்தது. அவள் துடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நிரப்பினாள், இன்னொருத்தி, பிறகு வரிசை. அரை மைல் நடந்து நகராட்சி வாசலில், சுகாதாரப் பிரிவின் படிக்கட்டில் ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள்.

காவல்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "என்னம்மா இது அக்கிரமம்? யாரோடது இதெல்லாம்?"

"உங்க பைடூ ஐயாவோடதுதான்" என்றாள் அராபா, காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "அவரோட ஷூ உள்ளேதான் எங்கேயோ இருக்கு. தேடிப் பார்க்கச் சொல்லுங்க."