ஓடுகிற மிஷினடி மண்

மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு மாதமாகியும் ஒச்சாயியின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. விளாங்குடி அரவை மில்லில், பெல்ட்டில் முந்தானை சிக்கி முறிந்த கை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகென்ன, ஊருக்கு வாய் கிடைத்தது. உடம்பு வணங்காமல் நடிக்கிறாளாம்.

நடிக்கிறவளுக்கு உள்ளங்கை வேர்க்குமா? எங்கோ பம்புசெட் ஓடினாலே அவளுக்கு மூச்சு அடைத்தது. கண்ணை மூடினால் யாரோ முந்தானையை இழுத்தார்கள். சேலையை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு, அவிழவில்லையே என்று ஒரு நாளைக்கு நூறு தரம் தொட்டுப் பார்த்தாள்.

கோடாங்கி உடுக்கையைத் தட்டிக் குறி சொன்னான். "பயந்த எடத்து மண்ண அவளே எடுத்துத் தலையச் சுத்திப் போடணும். மிஷின் ஓடிக்கிட்டிருக்கையில பயந்தவ. அது ஓடிக்கிட்டிருக்கையிலதான் எடுக்கணும்." வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது என்று நாளும் குறித்தான். புருஷன் உக்கிரபாண்டி தலையாட்டிவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஒச்சாயிக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், கைக்குப் பயிற்சி கொடுக்கும் பாகீரதி அவளைக் கையைத் தூக்கச் சொல்லவில்லை.

"தூங்குறியா ஒச்சாயி?"

இத்தனை மாதத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. ஒச்சாயி எல்லாவற்றையும் கொட்டினாள், நாளைய மண் வரைக்கும்.

"இது நடிப்பும் இல்ல, பேயும் இல்ல. அடிபட்டவங்களுக்கு வர்றதுதான். எலும்பு ஆறிடுத்து, பயம் ஆறல. அங்க போறது தப்பில்ல. இழுத்துண்டு போனாத்தான் மோசம். மிஷின நிறுத்தச் சொல்லு. எதுவரைக்கும் போறதுன்னு நீ சொல்லணும்."

"நான் சொல்லி யாரு கேப்பாக டாக்டரம்மா?"



மறுநாள் மில் வாசலில் தரை அதிர்ந்தது. உக்கிரபாண்டி அவள் வலது கையைப் பிடித்தான்.

"கண்ண மூடிக்க புள்ள. ரெண்டு எட்டுதான்."

பிரியமாகத்தான் சொன்னான். ஆனால் பெல்ட்டைப் போலவே இழுத்தான்.

ஒச்சாயி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தன்னை அறியாமல் சிறுநீர் பிரிந்து சேலை நனைந்தது. தவிட்டுச் சாக்கோடு நின்ற ராமக்காள் சிரித்தாள். "என்னடி, சமஞ்சவ மாதிரி குந்திட்ட?"

"நிப்பாட்டச் சொல்லுய்யா." சத்தம் வெளியே வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "நிப்பாட்டச் சொல்லு! இல்லாட்டி மண்ணும் வேணாம், நீயும் வேணாம்!"

அவன் கையை விட்டான். "கோடாங்கி சொன்னது, மிஷின் ஓடிக்கிட்டிருக்கையிலதான..."

"அப்ப கோடாங்கிய வந்து எடுக்கச் சொல்லு."

மில்காரர் சின்னச்சாமி முனகிக்கொண்டே மிஷினை நிறுத்தினார். பெல்ட் உடனே நிற்கவில்லை. சரசரத்து, தளர்ந்து, கடைசியில் அடங்கியது. அதுவரை ஒச்சாயி மூச்சு விடவில்லை. பிறகு எழுந்து வாசற்படியைத் தாண்டினாள். ஒரு எட்டு. இன்னொன்று. உமித்தூசி தொண்டையைப் பிடித்தது. பெல்ட்டுக்கு இன்னும் பத்தடி இருந்தது.

"இன்னைக்கு இம்புட்டுத்தான்."

"அப்ப மண்ணு?" என்றான் உக்கிரபாண்டி.

"செவ்வாக்கிழமை வேணா இன்னும் ரெண்டு எட்டு வைக்கிறேன். என்னைய யாரும் தொடக் கூடாது."

"ஓட்டவா?" உள்ளிருந்து சின்னச்சாமி கத்தினார். "சனம் காத்துக் கெடக்கு!"

"இருங்கண்ணே, இருங்க! நான் ரோட்டுக்குப் போயிக்கிறேன்!"

ஈரச் சேலை காலைத் தட்ட அவள் ஓடினாள். உக்கிரபாண்டி நாலடி தள்ளியே பின்னால் போனான்.