முகப்புப் படம்

பெசார் மாதம் பிறக்க நாற்பத்து மூன்று நாள் இருந்தது. அதுதான் எங்களுக்குக் கல்யாண மாதம். போன வருடம் இதே நாளில் என் நோட்டில் பதினொரு மணப்பெண்களின் பெயர் இருந்தது. இந்த வருடம் இரண்டு.

கிளாத்தென் ஊரில் இருபத்திரண்டு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வருவாள். இப்போது முதலில் போனில் தேடுகிறார்கள். தேடினால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகக் கடை போட்டவள்தான் வருகிறாள்.

அதனால் ரொத்துவாவைக் கூப்பிட்டேன். கடல் தாண்டி மேதான் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வங்கி வேலையை விட்டுவிட்டுச் சிறு கடைகளுக்கு இணையதளம் செய்து தருகிறாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அது அவள் ஊர்ப் பழக்கம் என்று இங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஒரு தாளில் மூன்று வழி எழுதிக் காட்டினாள். பெரிய விற்பனைச் செயலிக்குள் ஒரு பக்கம்: இலவசம், ஆனால் பக்கத்திலேயே நூறு பேர் நிற்பார்கள். அடியிலிருந்து கட்டுவது: நன்றாக இருக்கும், மூன்று மாதம் ஆகும், பெசார் போய்விடும். மூன்றாவது, மாத வாடகைக்குக் கிடைக்கும் தயார் வடிவம். பத்து நாளில் முடியும். எதையும் நானே போனிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அதைத் திறந்து காட்டினாள். திரை முழுக்க ஒரே ஒரு பெண்ணின் முகம்.

"இது அந்த ஒரு மூஞ்சிலதான் நிக்குது அக்கா. நல்ல படம் இருந்தா எடுங்க. இல்லேன்னா விலையும் மேப்பும் போட்டு அடக்கமா வேற செய்யலாம்."

நல்ல படம் இருந்தது. கினந்தியின் படம். ஆறு வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்தில் எடுத்தது. திறந்த தோள்களில் மஞ்சள் மினுக்கம். நெற்றியில் எங்கள் மணப்பெண்களுக்கென்றே உள்ள கருப்பு, நான் இரண்டு மணி நேரம் தீட்டியது, அதன் ஓரத்தில் பொன் கோடு. அப்படி ஒரு கோடு அதற்குப் பிறகு என் கைக்கு வரவில்லை. கினந்தி இப்போது குர்ஆன் பள்ளியில் மழலைகளுக்கு ஆசிரியை. முக்காடில்லாமல் வீட்டு வாசலுக்குக்கூட வருவதில்லை.

மொத்தம் ஒன்பது பெண்களின் படங்களை எடுத்து வைத்தேன். ஒவ்வொருத்தியையும் கேட்டாக வேண்டும், கேட்காமல் ஏற்ற மாட்டேன் என்றாள் ரொத்துவா. எட்டுப் பேரைப் போனில் கேட்டேன். மூன்று பேர் சிரித்துவிட்டுப் படத்தை அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்கள் சரி என்று மட்டும் சொன்னார்கள். கினந்தி வீட்டுக்கு நேரில் போனேன்.

டீ கொண்டுவந்தாள். சொன்னேன். அவள் கோப்பையின் மூடியை நேராக்கி வைத்தாள்.

"சரிங்கம்மா. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

பிறகு என் முழங்கால் வலியை விசாரித்தாள்.

மனம் ஒப்பிச் சரி சொல்பவள் படத்தைப் பார்க்கக் கேட்பாள். மூக்கு பெரிதாகத் தெரிகிறதா என்பாள். கினந்தி எந்தப் படம் என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மூத்தவளிடம் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கேட்டவள்தான் குறிப்பறிந்து, கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நான் டீயைக் குடித்து முடித்தேன். தெருவுக்கு வந்ததும் ரொத்துவாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒன்பது பேரும் சம்மதம்.

முகப்பில் கினந்தியின் முகத்தோடு தளம் வந்த முதல் வாரத்திலேயே நான்கு பேர் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு ராணி தேடல்ல ரெண்டாம் பக்கத்துக்குப் போயிட்டா, இனிமே உங்களுக்குத் தூக்கம் கிடையாது என்று ரொத்துவா கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் கினந்தி வந்தாள். வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தளத்தின் நிறம் அழகாக இருக்கிறது என்றாள். எழுத்து அழகாக இருக்கிறது என்றாள்.

"எல்லாரும் பாத்திருக்காங்கம்மா. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களோட அம்மாங்க, அப்பாங்ககூட."

அத்துடன் நிறுத்தினாள். வயதில் இளையவள் ஒருத்தி அதற்கு மேல் வர முடியாது. மிச்ச தூரம் நான் போக வேண்டியது. படத்தை மாற்றிவிடவா என்று ஒரு வார்த்தை.

"இதை நீயே செஞ்சியா?" என்றேன், டப்பாவைப் பார்த்து.

"ஆமாங்கம்மா."

டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எதை அழுத்த வேண்டும் என்று தெரியும். அப்போது பிரம்பனானிலிருந்து ஒரு பெண்ணின் தாய் கூப்பிட்டார். முகப்பில் இருக்கிற பெண் மாதிரியே வேண்டும் என்றார். தேதியை எழுதிக்கொண்டேன். பெசார் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்துச் சந்தையில் அவளைப் பார்த்தேன். முக்காட்டோடு முகக்கவசமும் கட்டியிருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. சளி இருமல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் வெங்காயக் கடைப் பக்கம் திரும்பினேன். அவள் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்தாள். பாட்டிக்கு மரியாதை செய் என்று மகனிடம் சொன்னாள். நாலு வயது இருக்கும். என் வலது கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். நெற்றி ஈரமாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அவள் என் முழங்காலைப் பற்றிக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல், படத்தை நீக்கினேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி மட்டும் நின்றது.

மாலையில் ரொத்துவா கூப்பிட்டாள். முகப்பு வெறுமையாகக் கிடக்கிறது, கை தவறி அழித்துவிட்டீர்களா என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் எடுத்தேன் என்றேன். அந்தப் பெண் சண்டைக்கு வந்தாளா என்று கேட்டாள். இல்லை, பலகாரம் கொண்டுவந்தாள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள்தான் சரி என்று சொன்னாளே என்றாள்.

"சொன்னா. மனசில்லாம சொன்னா. அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அப்போ மத்த எட்டுப் பேரு சொன்ன சரி, அக்கா?"