ஊறிய விதை

"இது காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்த ஐனஸ் பாட்டி, அடுத்த கோப்பை வருவதற்குள் போய்விட்டாள். நல்ல காப்பியோடு நின்ற பேத்தி டெல்ஃபினுக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

நான்காம் நாள் காலை, அடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், அந்த எரிச்சல் முழுதாகத் திரும்பியது. சமையல் மேடையில் பெரிய அண்டா. தண்ணீருக்குள் மக்காச்சோளம். ஒவ்வொரு மணியிலும் இறக்கை விரித்த கழுகைப்போல ஊதாக் கறை.

"பெரியம்மா, இது விதைச் சோளம்!"

ஆர்லீன் பெரியம்மா இறைச்சி நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். நேத்தே ஊறப்போட்டுட்டேன்."

"மொத்த ஜாடியுமா?"

"வர்றது நூறு பேரு. 'என் சாவுச் சாப்பாட்டுல டப்பா சோளம் போட்டா எந்திரிச்சு வந்துடுவேன்'னு சொன்னது யாரு?"

"'விதை ஜாடியைத் தொட்டா கையை ஒடிப்பேன்'னு சொன்னதும் அவதான்."

"ரெண்டையும் சொல்லிட்டு அவபாட்டுக்குப் போய்ட்டா. நான் என்னடி பண்ண?"

நெப்ராஸ்காவிலிருந்து பானி என்னும் அமெரிக்கப் பூர்வகுடிச் சனங்களை வெள்ளைக்காரர்கள் ஓக்லஹோமாவுக்குத் துரத்தியபோது பாட்டியின் பாட்டி மடியில் கட்டிவந்த விதை. இதைப் பல் மருத்துவரிடம்கூட, திறந்த வாயோடு சொன்னவள் ஐனஸ். இந்த மண்ணில் அது பாதிதான் விளையும். ஆனாலும் வருடா வருடம் விதைத்து, ஜாடியை நிரப்பி, எல்லோர் உயிரையும் வாங்கினாள். வீட்டில் வேறு விதை கிடையாது.

ஊறியதை இனி காயவைத்துப் பயனில்லை. இன்றே மண்ணுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் அடுப்புக்கு.

வாசலில் விர்ஜில் மாமா ஹார்ன் அடித்தார். "கிளம்புங்கடி! கிழவி உங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவா!"

டெல்ஃபின் அண்டாவுக்குள் கைவிட்டு இரண்டு கை அள்ளினாள்.

"அள்ளாதடி, சூப்பு நீர்த்துப்போகும்."

"போகட்டும். கறியக் கூடப் போடுங்க."

பெரியம்மா ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, தானும் ஒரு கை அள்ளி டெல்ஃபினின் கறுப்புப் பாவாடை மடியில் போட்டாள்.

"ஆழமாத் தோண்டு. காக்கா கிளறிடும்."

அடக்கத்துக்குப் போட்ட ஷூவோடு டெல்ஃபின் கொல்லையில் மண்வெட்டியை இறக்கினாள். ஏப்ரல் பிறந்து ஒரு வாரம்தான். விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது; மண் சூடேறாமல் போட்டால் சோளம் முளைக்காமல் அழுகிவிடக்கூடும். குழிக்குள் கைவைத்துப் பார்த்தாள். மண் சில்லென்றுதான் இருந்தது.