யாருக்கு விற்றாய்

மரங்களுக்கு நம்பர் எழுதுவதுதான் மயிலம்மாளுக்குத் தோட்டத்தில் கொடுத்திருந்த வேலை. மலாய் நாட்டில், பகாவ் சாலையில் ஒன்பதாவது மைலில் இருந்ததால் அதை எல்லாரும் ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்றார்கள். வெள்ளை பெயிண்ட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக நடப்பாள். எந்த ரப்பர் மரம் யார் பால்வெட்டுக்கு என்று பட்டையில் எழுதுவாள். அவள் புருசன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன், திரும்பவில்லை. பிள்ளை இல்லை. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

தகரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி அவள் படம் போட்டாள். பிஸ்கட் டின் மூடியிலும் தேயிலைப் பெட்டிப் பலகையிலும், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில். ஒரு படத்தில் இருவாட்சிப் பறவையின் வயிற்றுக்குள் அத்திமரம் நிற்கும். அந்த மரத்தின் பழத்துக்குள் குளவி இருக்கும். குளவியின் கண்ணுக்குள் அதே இருவாட்சி பறக்கும். இன்னொன்றில் பால் வெட்டிய காயத்திலிருந்து ஆறு புறப்படும். ஆற்று மீனின் செவுளில் இலை நரம்பு ஓடும். இதையெல்லாம் அவள் கற்பனை என்று நினைக்கவில்லை. நிரைகளில் தனியாக நடக்கும்போது பார்த்ததுதான். பன்றி தின்று போட்ட கொட்டையில் முளைத்த செடி, விழுந்த மரத்தில் ஏறிய கறையான், கறையானைத் தேடி வந்த எறும்புத்தின்னி. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எப்படி வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. "சாமி படம் போடு, வாங்கி மாட்டறோம். இதென்னா, சோத்தத் தின்னுட்டுப் படுக்கறப்ப வர்ற கெட்ட கனா மாதிரி," என்றார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பகாவ் பசாருக்குப் போய் மீன்காரர்களுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்காருவாள். துரைமார் வீட்டு வெள்ளைக்காரிகளும் சீனத்திகளும், ஒரு மலாய் வாத்தியாரும் வாங்கினார்கள்.

தோட்டத்துக்குள் அவளிடம் படம் வாங்கியவள் ஒருத்திதான். பத்தாம் நம்பர் வீட்டு ராக்கம்மா. ஒரு நாள் மத்தியானம் வந்து, காய்வதற்கு வைத்திருந்த படங்களில் ஒன்றை எடுத்துக் கொண்டாள். தரையில் ஒருவன் படுத்துத் தூங்குகிறான். அவன் விலா எலும்புகளிலிருந்து ஐந்து வேர்கள் கிளம்பி, ஒன்று காட்டுப்பன்றியின் வாய்க்குள்ளும், ஒன்று எறும்புப் புற்றுக்குள்ளும், ஒன்று பால் கோப்பைக்குள்ளும், ஒன்று எரியும் அடுப்புக்குள்ளும், ஒன்று ஆற்று நண்டின் கொடுக்குக்குள்ளும் போகின்றன.

"எங்க முருகையா தூங்கற மாதிரியே இருக்குடி," என்றாள் ராக்கம்மா. முருகையா அவள் தம்பி. ஐந்து மாதமாக ஜொகூரில் வேலை செய்கிறான் என்று சொல்லியிருந்தாள். "யாருகிட்டயும் சொல்லாத மயிலு. எங்க வீட்டுக்காரரு ஏசுவாரு."

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டாகிவிட்டது. வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குவாளியைத் திறந்து, வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று கேட்டில் போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். செர்த்திங் பக்கம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவரைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். யார் சுட்டது என்று யாரும் உரக்கப் பேசுவதில்லை.

ராக்கம்மா படம் வாங்கி இரண்டு மாதம் கழித்து, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் மயிலம்மாளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எட்வர்டின் நாற்காலியில் பகாவிலிருந்து வந்த துப்பறியும் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் கேப்ரியல், தமிழர். கிராணி ஓரமாக நின்றார். மேசை மேல் அந்தப் படம் இருந்தது.

"இது நீ போட்டதுதானே?"

"ஆமாங்கய்யா."

"நம்ம ஸ்டோர் பெயிண்டுதான்," என்றார் கிராணி, யாரும் கேட்காமலே.

"காட்டுல மூணு நாள் நடந்துபோய் ஒருத்தனைச் சுட்டோம். அவன் பையில இருந்துச்சு." கேப்ரியல் படத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "வேரு அஞ்சு. அஞ்சும் எங்க போகுது?"

"பன்னி, எறும்புப் புத்து, பால் கோப்பை, அடுப்பு, நண்டு."

"அடுப்புன்னா அரிசி குடுக்கற வீடு. பால் கோப்பைன்னா வெட்டுக்காரன். நண்டுன்னா ஆத்து வழி. மிச்சம் ரெண்ட நீ சொல்லு."

"அடுப்புன்னா அடுப்புதாங்க."

"படுத்துக்கெடக்கறவன் யாரு? அவனுக்கும் இதுங்களுக்கும் என்னா சம்பந்தம்?"

"எல்லாருக்கும் இருக்கறதுதான். அவன் தின்னது, அவனத் தின்னப் போறது."

கேப்ரியல் சிரிக்கவில்லை. அடியில் எழுத்து ஏதும் மறைந்திருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். நண்டு உதிர்ந்தது. பிறகு எறும்புப் புற்று.

"சொரண்டாதீங்க," என்றாள் மயிலம்மாள்.

"யாருக்கு வித்தே?"

அவர் ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். பிணத்தைத் தூக்கி வர முடியாமல் அங்கேயே புதைத்துவிட்டார்களாம்; போட்டோ மட்டும் எடுத்திருந்தார்கள். முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. லயத்து ஆண்கள் எல்லாருக்கும் முந்தின நாளே காட்டியாகிவிட்டது, தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மயிலம்மாள் பார்த்த உடனே கண்டுகொண்டாள். காதுமடல் கன்னத்தோடு அப்படியே ஒட்டி இறங்கியிருந்தது. ராக்கம்மாவுக்கும் அதே காது. படம் போடுகிறவள் காதைப் பார்த்து வைத்திருப்பாள்.

"பசார்ல வித்ததுங்க. யாருன்னு ஞாபகம் இல்ல."

"மூஞ்சிய வரையறவளுக்கு மூஞ்சி மறந்துபோச்சா?"

"எல்லாரும் வாங்கறாங்க. வெள்ளக்காரம்மா கூட வாங்கறாங்க. அவங்களையும் கேளுங்க."

கிராணியின் முகம் வெளுத்தது. கேப்ரியல் எழுந்து தொப்பியை எடுத்தார். "நீ சொல்லற வரைக்கும் யாரும் வெளிய போகப் போறதில்ல," என்றார்.

ராக்கம்மா மேல் மயிலம்மாளுக்குத் தனிப்பட்ட பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு பெயரைப் பிடித்து இழுத்தால் அது தனியாக வராது. ராக்கம்மாவைப் பிடித்தால் புருசன் வருவான். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த மண்டோர் வருவார். யாருடைய தூக்குவாளியில் சோறு போனது, யார் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்கள் என்று ஒவ்வொருவராக லாரியில் ஏறுவார்கள். அதுமட்டுமல்ல. அந்த மனுசன் நகத்தால் சுரண்டிய விதம் அவளுக்குள் எதையோ இறுக்கிவிட்டது. அவருக்கு இனி ஒன்றும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தாள்.

மறுநாள் லயத்தை அடைத்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் குழாயடிக்கும் குளியலறைக்கும் போகலாம். வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அரிசி பாதியாகக் குறைந்தது. ஏன் என்று கிராணியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலமே மயிலம்மாள் வாசலில் யாரோ சாக்கடைத் தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டாம் நாள் அவள் பெயிண்ட் தகரங்கள் நசுங்கிக் கிடந்தன. காய வைத்திருந்த படங்கள் கக்கூஸ் வாய்க்காலில் மிதந்தன. அவள் போய் எடுக்கவில்லை. எடுப்பதைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மண்டோர் ஆறுமுகம் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி பேசினார்.

"ஏம்மா, ஒரு பேரச் சொல்லித் தொலையேன். எந்தப் பேரா இருந்தா என்னா? பசார்ல ஒரு சீனன் பேரச் சொல்லு."

"அவன் என்னா செஞ்சான்?"

"அவன் ஒண்ணும் செய்யல. எங்க புள்ளைங்க என்னா செஞ்சுச்சு, கஞ்சித் தண்ணி குடிக்க?"

"தெரியாததை எப்படிச் சொல்லறது மண்டோரே."

"தெரியாம இல்ல, திமிரு," என்று துப்பிவிட்டுப் போனார்.

குழாயடியில் அவளுக்குத் தண்ணீர் பிடிக்க இடம் விடவில்லை. அங்கே முன்னால் நின்று கத்தியவள் ராக்கம்மா. மயிலம்மாளின் வாளியைக் காலால் எட்டி உதைத்தாள்.

"மூதேவி. படம் போடறாளாம் படம். உன் ஒருத்தியால நாப்பது வீடு பட்டினி. யாருக்கு வித்தேன்னு சொல்லுடி."

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மயிலம்மாள் வாளியை நிமிர்த்தினாள். அதைக் காலியாகவே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலை, குளியலறையின் தகரத் தடுப்புக்குப் பின்னால் இருவரும் தனியாக அகப்பட்டார்கள். ராக்கம்மா அவள் கையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள்.

"சொல்லிடுவியா?" என்று கிசுகிசுத்தாள்.

"இது வரைக்கும் சொல்லல."

"நீ ஏன்டி அப்படி ஒரு படம் போட்டே? போடலன்னா நான் வாங்கியிருக்க மாட்டேன். காட்டுல அவனுக்கு வீட்டு நெனப்பு இருக்கட்டும்னு சோத்தோட வெச்சுக் குடுத்தேன். கைமாத்தி கைமாத்திப் போயிருக்கும். எங்கிட்டுப் போயி எவன் பையில கெடந்துச்சோ." அவள் மூச்சு வாங்கினாள். "அது அவன் இல்லதானே? நம்ம ஆம்பளைங்க பாத்துட்டுத் தெரியாதுன்னுட்டாங்க. உனக்கும் போட்டோ காட்டினாங்கன்னு சொன்னாங்க. அவன் இல்லதானே மயிலு?"

பொய் சொல்லியிருக்கலாம். ராக்கம்மா வருஷக்கணக்கில் ஜொகூரிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்திருப்பாள். மயிலம்மாளும் ஒரு காலத்தில் சயாமிலிருந்து வரும் ஆள்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தவள்தான். அது எப்படிப்பட்ட காத்திருப்பு என்று அவளுக்குத் தெரியும்.

"அவன்தான் அக்கா. காதைப் பாத்தேன்."

ராக்கம்மா வாயைத் திறந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றாள். பிறகு மயிலம்மாளின் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

எல்லார் முன்னாலும் அவளை அடித்தாள். கன்னத்தில், முதுகில், மறுபடியும் கன்னத்தில். "பாவி, பாவி, கொள்ளி வெக்கக்கூட ஆளில்லாமப் போவே. மண்ணு கூடச் சரியா விழாது உம்மேல. எங்க வயித்துல அடிச்சிட்டியே. எங்க குலத்த அறுத்துட்டியே." கண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது. மார்பில் அறைந்துகொண்டாள். தரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பசிக் கொடுமை என்று நினைத்தார்கள்; இரண்டு பேர் அவளோடு சேர்ந்து அழவும் செய்தார்கள். கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மயிலம்மாள் விலகவில்லை. அவள் போய்விட்டால் ராக்கம்மா அழுவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும். அதனால் அடிபட்ட கன்னத்தோடு, மணி அடித்து எல்லாரையும் உள்ளே விரட்டும் வரை நின்றாள். வலித்தது. அவளுக்கு ராக்கம்மா மேல் கோபமும் வந்தது.

ஆறாம் நாள் லயத்தைத் திறந்தார்கள். யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை. மரங்கள் வெட்டாமல் கிடப்பதைத் தோட்டத்துத் துரையால் பொறுக்க முடியவில்லை என்று கிராணி சொன்னார். அன்று காலை லாரி வந்து மயிலம்மாளை மட்டும் ஏற்றிக்கொண்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுல இருந்திருப்பே," என்றார் கேப்ரியல்.

"அந்தப் படத்தத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"அது சாட்சி."

"கெடுத்துட்டீங்களே, அது எதுக்குச் சாட்சி," என்றாள்.

பெரட்டுக்கு நின்ற ஜனங்கள் அவளைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்தார்கள். கூட்டத்திலிருந்து யாரோ "ஒழிஞ்சா" என்றது தெளிவாகக் கேட்டது.

விசாரணை இல்லாமல் பதினைந்து மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அங்கேயும் பெண்கள் அவளை ஒதுக்கினார்கள். போலீஸுக்கு ஆள் காட்டத்தான் அவளை அங்கே போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. வெளியே விட்டபோது பகாவ் பக்கம் காலடி வைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். தம்பின் ஊருக்கு வந்து, சந்தைக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கினாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாள். கொஞ்ச நாள் கழித்துச் சிறிய படங்களும் போட்டு விற்கத் தொடங்கினாள். அவற்றில் மனித முகம் எதுவும் இல்லை.

ஐந்து வருஷம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, ராக்கம்மா அவள் சாக்கின் முன்னால் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். மகளைப் பார்க்க மலாக்கா போகிற வழியாம், பஸ் மாறுவதற்கு இறங்கியிருக்கிறாள். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

"நல்லா இருக்கியா?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

"உன்னைப் பாத்தா இன்னும் எனக்கு ஆத்திரமாத்தான் வருது."

"வரட்டும்."

"சொல்லியிருந்தா என்னைப் புடிச்சிட்டுப் போயிருப்பாங்க."

"ஆமா. அதுக்குத்தான் சொல்லல."

"போயிருக்கட்டும்டி. அங்க ஒரு மூலையில உக்காந்து, அவன் பேரச் சொல்லி அழுதிருப்பேன்ல. இன்னிக்கு வரைக்கும் ஜொகூர்ல இருக்கான், ஜொகூர்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். வீட்டுக்காரருகிட்ட கூட. நீதான் எனக்கு வாயை அடைச்சிட்டே."

மயிலம்மாளுக்குச் சுருக்கென்றது. பதினைந்து மாதம், முகாம் சோறு, வாய்க்காலில் போன படங்கள் என்று எத்தனையோ சொல்ல வாயில் வந்தது. அவற்றை விட்டுவிட்டு, சாக்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க உன்னைத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல," என்றாள்.

ராக்கம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். உட்காருவது போலக் கொஞ்சம் குனியவும் செய்தாள். பிறகு நிமிர்ந்து, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, மலாக்கா பஸ் நின்ற பக்கம் வேகமாக நடந்தாள். மயிலம்மாள் கூப்பிடவில்லை. ஒரு மலாய்ப் பெண் குனிந்து படம் ஒன்றை எடுத்து, இது மீனா இலையா என்று கேட்டாள். இரண்டும்தான் என்று மயிலம்மாள் பதில் சொன்னாள்.