இனிப்புப் பெட்டியும் மிஹோவின் கடைவாய்ப் பல்லும்

ஜப்பானின் தகமட்சு ஊர்க்காரர்கள் காலையில் பல் துலக்க மறந்தாலும் மறப்பார்கள், ஒரு கிண்ணம் உடோன் சாப்பிட மறக்க மாட்டார்கள். கசுயோ வேலை செய்யும் கடையில் விடிந்ததுமே வரிசை நின்றுவிடும். கொதிக்கும் கொப்பரையிலிருந்து தடித்த கோதுமை நூடுல்ஸை அள்ளிக் கிண்ணத்தில் போட்டபடி அவள் குரல் கொடுப்பாள். "சின்னது ஒண்ணு, சூடா! பெரிசு ஒண்ணு, ஆறினது!" அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கும்.

பள்ளி விடுமுறை நாட்களில் அவளுடைய மகள் மிஹோ கடையின் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. தானாகப் பேசுவது குறைவு. ஆனால் அம்மா சொல்லும் ஆர்டர் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கிண்ணம் மேடைக்கு வந்ததும் "ஆச்சு!" என்று கடையே அதிர முடித்து வைப்பாள். வாடிக்கையாளர்களுக்கு அது பழகிப்போய், அவள் சொன்ன பிறகுதான் கிண்ணத்தைத் தொடுவார்கள்.

அன்று மிஹோவின் சின்னக் கிண்ணம் அப்படியே ஆறிப்போய் இருந்தது. அவள் தன் இடது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

கசுயோவுக்கு விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். கடைவாயில் கறுப்பு விழுந்ததை அவள் எப்போதோ பார்த்துவிட்டாள். பார்த்தும் பேசாமல் இருந்தாள். காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் மருத்துவமனையில் மிஹோவைக் கை கால் அசையாதபடி வலையில் சுற்றி, நாலு பேர் அமுக்கிப் பிடித்து வாயைத் திறந்தார்கள். மிஹோ ஒருவர் விரலைக் கடித்தாள். வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு இடத்தில், "பெரிய இடமாப் பாருங்களேன்" என்று மிகவும் பணிவாக வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பது இந்த ஊரில் தாய்ப்பாலோடு புகட்டப்படுவது. கசுயோ கொஞ்சம் கூடுதலாகவே குடித்தவள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பல் மருத்துவரின் வாசலையும் மிதிக்கவில்லை.

கடை முதலாளி அம்மாள்தான் அவளைப் பிடித்துத் தள்ளினாள். "துறைமுகத்துப் பக்கம் இசோபேன்னு ஒரு டாக்டர் பொம்பள இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் இந்த மாதிரிப் பிள்ளைங்களையும் பாக்குதாம். போ. கொப்பரையை நான் பாத்துக்கறேன்."

டாக்டர் இசோபே குள்ளமானவர், சிரித்த முகம், ஆனால் நாக்கில் உப்பு உண்டு. முதல் நாள் வாசலிலேயே மிஹோ கத்திய கத்தலுக்கிடையில், திறந்த வாய்க்குள் எட்டின வரை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா இவ்வளவு நாளாக் கொண்டுவரல?"

"எல்லாருக்கும் தொந்தரவா இருக்குமேன்னு..."

"அந்த மரியாதையெல்லாம் சொத்தைக்குத் தெரியாதே. அது பாட்டுக்குத் தோண்டிட்டுப் போயிருக்கு." டாக்டர் குரலைத் தணித்தார். "இப்போதைக்கு வீக்கத்துக்கு மருந்து தரேன். இவ தானா நாற்காலியில உக்காந்து வாயைத் திறந்தா நானே சரி பண்ணிடுவேன். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரியில முழு மயக்கம் குடுத்துத்தான் பண்ணணும். அங்க வரிசை வசந்த காலம் வரைக்கும் நிக்குது. அதுக்குள்ள பக்கத்துல புதுசா முளைச்ச பல்லும் போயிடும். அது போனா போனதுதான்."

ஆகவே ஒத்திகை ஆரம்பித்தது. காலணியைக் கழற்று, நாற்காலியில் உட்கார், இறங்கி வீட்டுக்குப் போ. அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்த அட்டை. சாதுவான அட்டைகள். ஆனால் மிஹோ வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே கத்த ஆரம்பித்துவிடுவாள். ஒரு வியாழன் போனது, இன்னொன்றும் போனது, அட்டைகள் மேசையிலேயே கிடந்தன.

கசுயோ தன் கடமையை மட்டும் தவறாமல் செய்தாள். ஒவ்வொரு தடவையும் வழியில் கடைவீதியில் நின்று, அழகான தாளில் சுற்றிய பயறு இனிப்புப் பெட்டி ஒன்று வாங்குவாள். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு ஒடியக் குனிவாள். "இன்னைக்கு என் பொண்ணு சத்தம் போடுவா. தயவுசெஞ்சு பொறுத்துக்கணும்." பல் மருத்துவமனையில் இனிப்பு விநியோகம்! அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. கொடுத்ததை மறுப்பது மரியாதை இல்லையே.

செயற்கைப் பல் வரிசைக்காக வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒகுபோ என்ற கிழவர், படகுத் துறையில் கயிறு கட்டியே காலத்தை ஓட்டியவர். உடம்பில் சர்க்கரை. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது இருந்த நாலு பல்லைக் கடித்துக்கொண்டு, கசுயோவின் இனிப்பை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது வியாழன் டாக்டர் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இன்றும் முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிய வேண்டியதுதான். கசுயோ அன்று இருப்பதிலேயே பெரிய பெட்டியாக வாங்கினாள்.

வாசல் கதவு திறந்தது. மிஹோ கத்துவதற்கு மூச்சு இழுத்தாள். இழுத்தவள் சட்டென்று அம்மாவின் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். மூலையில் ஈரக் குடைகள் சொருகி வைக்கும் வாளிக்குள் பெட்டியைத் தலைகீழாக அமுக்கினாள். ஒரு குடையை எடுத்து மேலே வைத்து மூடினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, நேரே உள்ளே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு சத்தம் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு வந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

கசுயோவுக்கு மானம் போனது. "ஐயோ, மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று எல்லாரையும் கும்பிட்டபடி ஓடிப்போய் வாளியிலிருந்து பெட்டியை உருவினாள். தாள் சரசரத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து வீறிட்ட குரல் கேட்டது.

"ஏம்மா! அதை அங்கேயே வையி!" என்று ஒகுபோ எழுந்து நின்றுவிட்டார்.

கசுயோ திரும்ப வைத்தாள். சத்தம் நின்றது.

"இன்னொரு தடவை எடு பாப்போம்" என்றார் கிழவர், ஆர்வம் தாங்காமல்.

"விளையாட்டா இது?" என்று டாக்டர் அவரை அடக்கிவிட்டு, கசுயோவிடம் வந்தார். "இந்தப் பெட்டியை நீங்க வேற எங்கெல்லாம் வாங்கிட்டுப் போவீங்க?"

"எல்லா இடத்துக்கும்தான், டாக்டர். முடி வெட்டப் போகும்போது. தடுப்பூசி போட்டப்ப. மாடி வீட்டுக்காரங்க சத்தம்னு சண்டைக்கு வந்த அன்னைக்கு. அப்புறம்... வலையில சுத்தினாங்களே, அங்க." சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. "எங்க இவ கத்துவாளோ, அங்கெல்லாம் வாங்கிட்டுப் போவேன்."

"பிறந்தநாளுக்கு?"

"வாங்கினதில்ல."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை இதுதான். ஊருக்கு மரியாதை என்று அம்மா வாங்கிய பெட்டி, மகளுக்கு அபாயச் சங்காக இருந்திருக்கிறது. அந்தத் தாளைக் கண்டால் இன்று யாரோ என்னை அமுக்கிப் பிடிக்கப் போகிறார்கள் என்று பிள்ளை தெளிவாகப் படித்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. கத்தல்தான் இருந்தது.

"அவ உங்களைப் பாத்துப் பயப்படல, டாக்டர்" என்றாள் கசுயோ. கண் நிறைந்துவிட்டது. "என்னைப் பாத்துத்தான் பயந்திருக்கா."

"அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம். பிள்ளை தானா நாற்காலியில உக்காந்திருக்கு" என்றார் டாக்டர். "அவளுக்குக் கேக்கப் பிடிச்சது எது? சீக்கிரம் சொல்லுங்க."

கசுயோ யோசித்தாள். "உடோன் ஆர்டர்."

"போடுங்க."

"இங்கேயா? சத்தமாவா?"

"கடையில முணுமுணுன்னா சொல்லுவீங்க?"

பிறருக்குத் தொந்தரவு கூடாது என்று ஆயுள் முழுக்கக் குனிந்தவள் அவள். பல் மருத்துவமனையின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துக் கூவினாள். "சின்னது ஒண்ணு! சூடா!"

மிஹோ திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. டாக்டர் தன் வாயைத் திறந்து காட்டினார், மிஹோவும் திறந்தாள். சின்னக் கண்ணாடி உள்ளே போனது. ஒரு சின்னக் கிண்ணம் அள்ளும் நேரம் இருந்தது, வெளியே வந்தது.

"ஆச்சு!" என்றாள் மிஹோ, கட்டிடமே கேட்க.

"எனக்குப் பெரிசு ஒண்ணு!" என்று வரவேற்பறையிலிருந்து ஒகுபோ ஆர்டர் கொடுத்தார்.

"பெரிசெல்லாம் இன்னைக்குக் கிடையாது" என்று டாக்டர் திருப்பிக் கத்தினார். "சின்னதுதான். இஷ்டமிருந்தா சாப்பிடுங்க."

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தங்கள் செருப்பை யாரும் பார்க்கவில்லை.

அடுத்தடுத்த வியாழன்களில் கிண்ணம் பெரிதானது. பல் குடையும் மெஷின் ஒத்திகைக்காக நடுத்தரக் கிண்ண நேரத்துக்கு ஓடியது. மரத்துப்போகும் மருந்து கொடுத்து, சொத்தையை எடுத்து, பல்லை அடைத்த அன்று மட்டும் ஒகுபோவின் பெரிய கிண்ணம் நிஜமாகவே அனுமதிக்கப்பட்டது. மிஹோ நடுவில் ஒருமுறை அழுதாள். வலித்தது, அழுதாள். எந்தப் பிள்ளையும் அழும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் முளைத்த புதுப் பல்லும் தப்பியது. இரண்டு நாள் கழித்து மிஹோ தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அம்மாவின் கிண்ணத்திலும் கை வைத்தாள்.

இப்போது பல்லைச் சுத்தம் செய்துகொள்ள மட்டும் அவ்வப்போது வருகிறார்கள். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, ஓர் இளைஞன் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். சக்கர நாற்காலியை வாசலிலேயே விட்டிருந்தான்; பிள்ளைக்குக் கை கால் விறைத்திருந்தது. அது அழுத அழுகையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொருவராகக் குனிந்தான்.

"மன்னிக்கணும். பெரிய தொந்தரவு. நாங்க வேணா இன்னொரு நாள் வரோம்."

அவன் கதவுப் பக்கம் திரும்பிவிட்டான். கசுயோ எழுந்துபோய் வழியை மறித்து நின்றாள்.

"எதுக்கு மன்னிப்பு? பல்வலி வர்றது குத்தமா? இப்படி 'இன்னொரு நாள், இன்னொரு நாள்'னு வீட்டுல ஒளிச்சு வெச்சுத்தான் நான் என் பொண்ணோட பல்லைக் கெடுத்தேன். ஊருக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு பிள்ளையை வலியில விடுறதுதான் தப்பு, தம்பி. உக்காருங்க. அது நல்லாக் கத்தட்டும். இங்க நாங்க எல்லாருமே வாயைத் திறக்கத்தான் வந்திருக்கோம்."