உப்புத் தண்ணீர்

வெல்லம் காய்ச்சுகிற அடுப்பில் முந்தானை பற்றிக்கொண்டது. மற்றவர்கள் கோணிப் பையைப் போட்டு அணைப்பதற்குள் அம்சவேணிக்கு மார்பும் இரண்டு கைகளும் வெந்துபோயின. அவளை மாட்டுவண்டியில் ஏற்றி, அவளுடைய புருஷன் கோவர்த்தனனும் அக்கா சுலோசனாவும் புத்தூர் டாக்டரிடம் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். காயத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நரம்புல ஏத்தற சலைன் எங்கிட்ட இல்லைம்மா. திருப்பதிக்குத்தான் போகணும்."

இந்தப் பக்கத்து ஊர்கள் தமிழர்களுக்கா தெலுங்கர்களுக்கா என்று நடந்த எல்லைக் கிளர்ச்சியால் பஸ் ஓடவில்லை. ரயில்தான் கதி. டாக்டர் ஒரு குடம் தண்ணீரில் உப்பும் ஆப்பச்சோடாவும் அளந்து கலந்து சுலோசனாவிடம் கொடுத்தார்.

"ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் புண்ணு வழியா போயிடும். அதுலதான் ஆளு சாவறது. இத வாயில குடுத்துக்கினே போங்க. வெளிநாட்டு டாக்டருங்க இப்பத்தான் சோதிச்சு எழுதிக்கினு இருக்காங்க. வாந்தி எடுத்தாலும் விடாதீங்க. மூத்திரம் போறாளான்னு பாருங்க. அதான் முக்கியம்."

திருப்பதிக்கு முன்னால் வரும் ரேணிகுண்டாவை அடையும் முன்பே ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் ஆட்கள் கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சுலோசனா தங்கையின் வாயில் கரண்டியால் ஊற்றினாள். குமட்டிக்கொண்டு அத்தனையும் வெளியே வந்தது. கோவர்த்தனன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் அக்கா! தீப்பட்ட ஒடம்புக்குத் தண்ணி குடுத்தா உசுரு பூடும்னு ஊரே சொல்லுது!"

சுலோசனாவும் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால், தங்கையைத் தன் கையாலேயே கொன்றவளாவாள். அம்சவேணியின் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"அக்கா... தாகம்..."

"கைய விடு கோவர்த்தனா. நீ போய் அவங்க கால்ல வுழு. வண்டிய வுடச் சொல்லு."

அவன் அழுதுகொண்டே இறங்கி ஓடினான். அவள் மறுபடி ஊற்றினாள். மறுபடி வாந்தி. மறுபடி ஊற்றினாள். தங்கையின் கண் சொருகியது. கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. அடியில் விரித்திருந்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்தே கிடந்தது. சாமி பேர் ஒன்றும் வாயில் வரவில்லை. "பேஞ்சுடுடி, என் கண்ணு, பேஞ்சுடு" என்று பைத்தியம்போல அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்த பிறகு ரயில் ஊர்ந்தது. கோவர்த்தனன் சட்டை கிழிந்து வந்து சேர்ந்தான். குடத்தில் அடித்தண்ணீர்தான் மிச்சம். ரேணிகுண்டா ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்தபோது சுலோசனாவின் விரலில் ஈரம் பட்டது. கறுத்த டீத்தண்ணி நிறத்தில் கொஞ்சம்தான். அவள் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் உடனே சலைன் ஏற்றினார்கள். அதன்பின் சீழும் காய்ச்சலும் அம்சவேணியைப் பாடாய்ப் படுத்தின. தொடையிலிருந்து தோலெடுத்துப் புண்ணில் ஒட்டினார்கள். முழங்கை மடங்கி ஒட்டிவிடாதிருக்க மரச்சட்டம் வைத்துக் கட்டியபோது, "என்னைக் கொன்னுடு அக்கா" என்று வார்டே அதிரக் கத்தினாள். சுலோசனா கட்டை அவிழ்க்கவில்லை.

அம்சவேணி பிழைத்தாள். இடது கை நன்றாக நீண்டது. வலது கை பாதிக்குமேல் நீளவேயில்லை.